ஆடி மாதத்து மேடை

நகராட்சியிலிருந்து பத்து மணிக்கு மேல் வருகிறேன் என்றால் அது ஒரு நேரமா? பத்தே காலும் பத்துக்கு மேல்தான், சாயங்காலம் ஆறும் பத்துக்கு மேல்தான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து ஆயுசில் பாதியை விசில் ஊதியே கழித்தவனிடம் வந்து இப்படி ஒரு நேரத்தைச் சொன்னால் அவன் என்ன ஆவான்? பழனி வண்டி கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டால் டிரைவர் டீயைக் குடித்தானா, கண்டக்டர் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தானா என்றெல்லாம் நான் பார்த்தது கிடையாது, ஊதிவிடுவேன். டம்ளரோடு ஓடிவந்து ஏறின டிரைவர்கள் உண்டு. முறைப்பார்கள், முறைத்துக்கொண்டே கியர் போடுவார்கள். நேரத்துக்கு முன்னால் எடுத்தாலும் விடமாட்டேன், அது இன்னும் பெரிய குற்றம், தாமதமாகப் போனால் சனம் காத்திருக்கும், முன்னாலேயே போனால் சனம் ஏமாந்து போகும் என்று அவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட திருமூர்த்தி இன்றைக்கு விசில் ஊதுவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டு, அந்த வண்டியின் மேலேயே பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். வண்டி என்றால் வண்டி இல்லை, மேடை. வீட்டுக்குப் பின்பக்கம், அடுக்களைக் கதவைத் திறந்தால் வாசல்படிக்கு ஒரே மட்டமாக நீளுகிற மரப்பலகை மேடை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே மழைத் தண்ணீர் வடிய இடுக்கு விட்டிருக்கிறது. நடந்தால் டொக் டொக்கென்று நல்ல சத்தம். நகராட்சிக் கணக்குப்படி இது இன்னும் கட்டப்படவில்லை. மனுவில் 'உத்தேசம்' என்று போட்டிருக்கிறது. அந்த உத்தேசத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். உத்தேசம் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஒரு ஆட்டமும் இல்லை, குமரேசன் நல்ல ஆசாரி.

உள்ளே ஏதோ சத்தம். வசந்தாமணி எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. வாக்கரின் ரப்பர்க் கால் தரையில் ஊன்றுகிற சத்தம் எனக்கு இப்போது மனப்பாடம், முதலில் ஒரு பொத், பிறகு செருப்பு இழுபடுவது, பிறகு ஒரு பெருமூச்சு. தை மாதத்திலிருந்து இந்த வீட்டில் அந்தச் சத்தம்தான். துவைத்த துணியை எடுக்க இந்தப் பின்வாசலில் மூன்று படி இறங்க வேண்டியவள், மூன்றாவது படியை விட்டுவிட்டாள். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரி, உள்ளே கம்பி, கட்டில், வாக்கர். முன்வாசலிலும் படி, பின்வாசலிலும் படி, எந்த மடையன் இந்த வீட்டைக் கட்டினான் என்று நான் கத்தியபோது "நீங்கதானுங்க" என்றாள் கட்டிலில் படுத்தபடியே. அவளுக்குப் பின்பக்கம்தான் ஊர். துவைக்கிற கல், முருங்கை மரம், மதில் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ரங்கநாயகி. இரண்டு பேரும் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு பேசினால் அடுப்பில் வைத்தது தீயும். இப்போது அடுக்களை ஜன்னலிலிருந்து சுவருக்குக் கத்துகிறார்கள். ரங்கநாயகியின் மருமகள் சமாச்சாரமெல்லாம் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது, அந்த மருமகளுக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நாளாக அந்தக் கத்தலும் குறைந்துவிட்டது. பிசியோதெரபிக்கு வருகிற தம்பி "காலையில வெயில் காலுல படணும், வெளிய உக்காரச் சொல்லுங்க" என்கிறான். எப்படி உட்காருவாள், இறக்கை கட்டிக்கொண்டா இறங்குவாள்? அன்றைக்குத் தைலம் தேய்க்கும்போது பார்த்தேன், அவள் பாதம் வெளுத்திருந்தது, கோரைப் பாயைத் தூக்கினால் அடியில் இருக்கிற தரை மாதிரி. எனக்குப் பயமாகிவிட்டது. இப்படியே உள்ளேயே இருந்து இருந்து ஒருநாள் வெளியே வருவதே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்தில் மெல்போர்னில் இருக்கிற மகள் மேனகாவுக்குப் போன் போட்டதில்தான் அவள், "அப்பா, இங்கெல்லாம் டெக்குன்னு போடுவாங்கப்பா, வீட்டு மட்டத்துக்கே பலகையில, படியே இருக்காது, அம்மா வாக்கரோட அப்படியே வந்துரலாம்" என்று படம் அனுப்பினாள். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் டிரவுசரோடு கறி வாட்டிக்கொண்டிருந்தார். வாட்டட்டும், படி இல்லை, அதுதான் எனக்கு வேண்டியது.

நேரம் என்ன? பத்து தாண்டியாயிற்று. வரவில்லை. வராமலேயே இருந்துவிட்டால்? வராவிட்டால் அனுமதி கிடையாது, அனுமதி இல்லாவிட்டால் வசந்தாமணி இதில் கால் வைக்கமாட்டாள். வந்துவிட்டால்? வந்தால் இதைப் பார்த்துவிடுவார்கள், பார்த்தால் இடிக்கச் சொல்வார்கள், இடித்தாலும் கால் வைக்கமாட்டாள், வைக்க எதுவும் இருக்காது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அதே ஸ்டாப்பில் வந்து நிற்கிறது. இந்தத் தெருவில் யார் அனுமதி கேட்டார்கள்? ரங்கநாயகி வீட்டுக்காரர் ஒரு பாத்ரூமே கட்டி, அதன் மேல் தண்ணித் தொட்டியும் வைத்துவிட்டார், காக்காய்கூடக் கேட்கவில்லை. நானும் சும்மா கட்டிவிட்டுப் போயிருப்பேன், இல்லை, பொய், போயிருக்கமாட்டேன், எனக்குத் தூக்கம் வராது, ஆனால் அதைவிட வசந்தாமணி. அவள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் தகரப் பந்தல், பந்தலின் கீழே பெஞ்சு, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தப் பெஞ்சில்தான் அவளுக்கு வீட்டுப்பாடம், முறுக்கு, எல்லாமே. ஒருநாள் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்து பந்தலைப் பிய்த்து லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். அனுமதி இல்லாத பந்தல். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் பிய்த்தார்களாம், மரியாதையாகத்தான் சொன்னார்களாம். அதை எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். பலகையெல்லாம் அடித்து முடித்து, "வா வசந்தா, வந்து நின்னு பாரு" என்று நான் கையை நீட்டினபோது வாசல்படிக்கு உள்ளேயே வாக்கரை நிறுத்திக்கொண்டாள். "காயிதம் வரட்டுமுங்க. பழகிப்போட்டு அப்பறம் எந்திரிக்கச் சொன்னா என்னால முடியாது." அவ்வளவுதான் சொன்னாள். மேடைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நிலைப்படி, அதில் ஒரு கோலம், அதைத் தாண்டவில்லை.

அனுமதி வாங்காமல் முன்னாலேயே ஏன் கட்டினாய் என்று கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது? ஆடி வந்துவிட்டதுங்க என்று சொல்ல முடியுமா? அதுதான் உண்மை. மனு கொடுத்தது வைகாசியில். ஆனியும் கடைசிக்கு வந்துவிட்டது, குமரேசன் பாலக்காட்டுப் பக்கம் பெரிய வேலைக்குப் போகிறேன் என்கிறான், ஜோசியர், ஆடி பிறந்துவிட்டால் மண்ணில் கடப்பாரை போடக்கூடாது, ஆனியில் கடைசியாக ஒரு நல்ல நாள் இருக்கிறது, விட்டால் ஆவணிதான் என்கிறார். நல்ல நேரம் ஜோசியர் கையில், அனுமதி நகராட்சி கையில், இரண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வதில்லை, நடுவில் நான். அந்த அலுவலகத்தையும் குறை சொல்ல முடியாது. முதல் நாள் போனபோதே ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "கூரை இருக்குதுங்களா?" "இல்லீங்க." "சுவரு?" "இல்லீங்க." "அப்பறம் என்னத்தைங்க கட்டறீங்க?" "தரைதானுங்க. ஆனா தரைக்கு மேல." அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். "தரைக்கு மேல இருந்தா மாடி" என்றார் பக்கத்து மேஜை. "மாடின்னா கீழ வீடு இருக்கோணுமல்லங்க" என்றார் இவர். "இதுக்குக் கீழ என்ன இருக்குதுங்க?" நான் யோசித்தேன். கீழே பழைய வாளி ஒன்றும் முருங்கைக் குச்சிகளும் இருக்கும். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். கூரை இல்லை, சுவர் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை, இதற்கு ஒரு அனுமதி வேண்டும் என்று நிற்கிறான் ஒருவன், அவர்கள்தான் என்ன செய்வார்கள். நாலு பேர் கூடிப் பேசி, டீ வந்து, டீயும் முடிந்து, கடைசியில் 'திறந்தவெளிப் பலகை அமைப்பு, உத்தேசம்' என்று எழுதினார்கள். எனக்கும் ஒரு டீ கொடுத்தார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

இந்தக் காற்று சாமியானாவைப் பிய்த்துக்கொண்டு போகப்போகிறது. ஆடிக்காற்றில் சாமியானா கட்டின முதல் ஆள் நான்தான். இது குமரேசன் கொடுத்த யோசனை. நாளைக்கு இடத்தைப் பார்க்க வருகிறேன் என்று நேற்று நகராட்சியிலிருந்து ஒரு அம்மா போனில் சொன்னார், இடம் எங்கே இருக்கிறது பார்க்க, இடத்தின் மேல்தான் பலகை இருக்கிறதே. குமரேசனுக்குப் போன் போட்டேன். பாலக்காட்டிலிருந்து சாவகாசமாகச் சொன்னான், "விசேசத்துக்கு மேடை போட்டிருக்கறம்னு சொல்லிப்போடுங்கண்ணா. விசேசம் முடிஞ்சா பிரிச்சுருவம்னு சொல்லுங்க. விசேச மேடைக்கு எவன் அனுமதி கேக்கறான்? ஒரு சாமியானா, ரெண்டு வாழை மரம், முடிஞ்சுது." கேட்டபோது எவ்வளவு தெளிவாக இருந்தது. விடியும்போதே சாமியானாக்காரர் வந்துவிட்டார். வாழை மரம் இரண்டு கேட்டால் குலையோடு கொண்டுவந்து கட்டினார். கேட்காமலேயே சந்து வாசலில் 'நல்வரவு' என்று ஒரு பலகையை வேறு தொங்கவிட்டார், மேடையை இடிக்க வருகிறவர்களுக்கு நல்வரவு. "பாட்டு செட் வேணுமுங்களா?" என்றார். வேண்டாமென்றேன். "சாப்பாடு எத்தனை பேருக்குங்க?" என்றார். "ரெண்டு பேருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் மதில் சுவருக்கு மேல் ரங்கநாயகியின் தலை. "ஏனுங்ணா, என்ன விசேசமுங்க?" ஒத்திகை பார்த்து வைத்திருந்ததால் டக்கென்று சொல்லிவிட்டேன், "மணிவிழாவுங்க." "யாருக்குங்க?" "எனக்குத்தானுங்க." அந்தத் தலை சாமியானாவையும் வாழைக் குலையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கேட்டதே ஒரு கேள்வி. "ஆடியில யாருங்ணா விசேசம் வெப்பாங்க?"

ஆடி என்றுதானே ஆனியிலேயே அவசர அவசரமாகப் பலகை அடித்தேன். ஆடி என்பதற்காக அனுமதி வருவதற்கு முன்னாலேயே கட்டிவிட்டு, கட்டினதை மறைக்க ஆடியிலேயே ஒரு விசேஷம் வைத்திருக்கிறேன். இதைவிட 'இது பொய்' என்று ஒரு பலகை எழுதி நல்வரவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கலாம். மணிவிழாவுக்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை, பிறந்த மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு என்று சமாளித்தேன். "நீங்க சித்திரை மாசமல்லங்ணா, வசந்தாமணி பாயசம் குடுத்துடுவாளே" என்றது தலை. எத்தனை பாயசம் குடித்திருக்கிறாள், மறப்பாளா? அவளையாவது விடு, நகராட்சி அம்மா கையில் மனு இருக்கிறது, மனுவோடு ஆதார் நகல் இருக்கிறது, அதில் என் பிறந்த தேதி பல்லை இளித்துக்கொண்டிருக்கிறது. அறுபது முடிந்து இத்தனை வருஷம் கழித்து எந்த மடையன் மணிவிழா வைப்பான்? காதுகுத்து என்று சொல்லியிருக்கலாம். யார் காது? பேரன் மெல்போர்னில் இருக்கிறான், காது அவனோடு இருக்கிறது. கிரகப்பிரவேசம் என்று சொல்லியிருக்கலாம், ஐயோ, அதற்கு வீடு கட்டியிருக்க வேண்டும், கட்டினதைத்தான் மறைக்கிறோம். டிரைவர்கள் என்னிடம் எத்தனை பொய் சொல்லியிருப்பார்கள், டயர் பஞ்சர், ரோட்டில் மாடு, ரயில்வே கேட், எவ்வளவு லட்சணமாகச் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. அதைக் கற்றுக்கொள்ளாமல் விசிலை ஊதிக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டேன்.

மணிவிழா. நிஜமாகவே வைத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அறுபது வந்தபோது கொரோனா. கோயிலைப் பூட்டி, மண்டபத்தைப் பூட்டி, தெருவில் இரண்டு பேர் நின்றால் போலீஸ் விரட்டிய காலம். வசந்தாமணி அதற்கென்று முன்னாலேயே ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தாள், மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. அறுபதில் மறுபடி தாலி கட்ட வேண்டுமே, அதற்கு. கடையில் அதை மேலே போட்டுக்கொண்டு, "கல்யாணத்துல எங்க அம்மா சொன்னதைக் கட்டினேன், இதாவது நானா எடுத்ததா இருக்கட்டும்" என்றாள். பிறகு எல்லாம் திறந்தார்கள், கோயில் திறந்தது, மண்டபம் திறந்தது, அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அப்புறம் அந்த மூன்றாவது படி. சேலை பீரோவில் இருக்கிறது, ரசகற்பூரம் போட்டு வைத்திருக்கிறாள். இதோ, பீரோ கதவு கிறீச்சென்கிறது. எதற்குப் பீரோவைத் திறக்கிறாள்? மாத்திரையா? மாத்திரை மேஜை மேல்தானே வைத்தேன். ஒருவேளை வீட்டுப் பத்திரத்தை எடுக்கிறாளோ, வருகிறவர்களிடம் காட்டிக் கெஞ்சலாம் என்று. வசந்தாமணி கெஞ்சமாட்டாள். உள்ளே போய்ப் பார்க்கலாமா? போன நேரத்தில் இங்கே வந்துவிட்டால்? இந்த மேடையில் நான் உட்கார்ந்திருந்தால்தான் இது விசேஷம், எழுந்து போனால் இது கட்டடம். உட்கார்ந்தே இருக்கிறேன். காலையில் அவளிடம் சொல்லும்போது என்னவோ போலிருந்தது. "யாராச்சும் கேட்டா நமக்கு மணிவிழான்னு சொல்லிரு" என்றேன். காப்பித் தம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள். வாக்கரைத் திருப்பிக்கொண்டு போய்க் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். கோபமாகத்தான் இருக்கும். எனக்கே என் மேல் கோபமாக இருக்கிறது, செய்யாத விசேஷத்தைப் போய்ச் சொல்லிக்காட்டினது போல் ஆகிவிட்டது.

ஸ்கூட்டர். சந்துக்குள் ஸ்கூட்டர். நிற்கிறது. எழுந்திருக்கவா, உட்கார்ந்திருக்கவா? மாப்பிள்ளை உட்கார்ந்துதானே இருப்பான். எழுந்துவிட்டேன். நல்வரவுக்குக் கீழே குனிந்து ஒரு பெண் வருகிறாள், இருபத்தைந்து முப்பதுதான் இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, தோளில் பை, கையில் அளக்கிற டேப். "திருமூர்த்தி ஐயாவுங்களா? நான் அருள்செல்வி, நகராட்சியிலிருந்து." குரல் நன்றாகத்தான் இருக்கிறது, இடிக்கிற குரல் மாதிரி இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வாழை மரத்தடியில் வைக்கிறாள். சாமியானாவைப் பார்க்கிறாள். பலகையைப் பார்க்கிறாள். குனிந்து பலகைக்குக் கீழே பார்க்கிறாள், ஐயோ, அங்கே குமரேசன் நட்ட இரும்புத் தூண், சிமெண்டில் ஊன்றி, எந்த விசேஷ மேடைக்குச் சிமெண்டு போடுகிறார்கள்? "விசேஷமுங்களா?" என்கிறாள். "ஆமாங்க மேடம். மணிவிழா. விசேசம் முடிஞ்சா பிரிச்சுருவோம்." சொல்லிவிட்டேன். டிரைவர்கள் போலவே சொல்லிவிட்டேன், கடைசியில் மட்டும் குரல் கீச்சென்று போய்விட்டது. அவள் பையிலிருந்து மனுவை எடுக்கிறாள், புரட்டுகிறாள், ஆதார் பக்கம் வருகிறது, வந்துவிட்டது, என் புகைப்படத்தை அவளும் நானும் சேர்ந்து பார்க்கிறோம். அதில் நான் திருடன் போலவே இருக்கிறேன். "சந்தோஷமுங்க ஐயா" என்கிறாள். "அம்மா எங்கீங்க?"

அம்மா எங்கே. இதை ஒத்திகை பார்க்கவில்லை. எல்லாம் யோசித்தேன், வாழை மரம் யோசித்தேன், பெண் இல்லாத மணிவிழா எங்கேயாவது உண்டா என்று மட்டும் யோசிக்கவில்லை. கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லவா, வாக்கரோடா? உடம்பு சரியில்லை என்று சொல்லவா? அப்போது அந்தச் சத்தம். பொத். செருப்பு இழுபடுகிறது. பெருமூச்சு. பொத். அடுக்களைக் கதவு திறக்கிறது. மயில்கழுத்து நிறம். அரக்குக் கரை. கொசுவம் சரியாக வரவில்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, நின்றுகொண்டு கட்ட முடியாது, கட்டிலில் உட்கார்ந்தே கட்டியிருப்பாள், இவ்வளவு நேரம் பீரோவும் கட்டிலுமாக இதுதான் நடந்திருக்கிறது. தலையில் பூ, ரங்கநாயகி முன்வாசல் வழியாக வந்து கொடுத்திருக்க வேண்டும். நிலைப்படிக்கு உள்ளே வாக்கரை நிறுத்துகிறாள். அங்கேதான் எப்போதும் நிறுத்துவாள். கோலத்தைப் பார்க்கிறாள். வாக்கரைத் தூக்கி இந்தப் பக்கம் வைக்கிறாள். பலகையில் டொக்கென்று சத்தம். வேண்டாம் வசந்தா, காகிதம் வரவில்லை, இந்தப் பெண் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நாளைக்கே எழுந்திருக்கச் சொல்வார்கள், என்று மனசுக்குள் கத்துகிறேன். வலது கால் தாண்டுகிறது, வெளுத்த பாதம், பிறகு இடது கால். மேடையில் நிற்கிறாள். சாமியானா ஓரமாக விழுகிற வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அளக்க வந்த பெண் முன்னால் இப்படி நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

"அறுபதுக்கு வெச்சிருக்கோணுங் கண்ணு" என்கிறாள் வசந்தாமணி அருள்செல்வியிடம். "அப்பக் கொரோனா. விட்டுப்போச்சு. இவரு சொன்னது பொய்தான். காத்தாலதான் என்கிட்டச் சொன்னாரு, எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால சேலையைக் கட்டிட்டு வந்துட்டேன். இப்ப அது பொய்யில்ல பாரு." பிளாஸ்டிக் சேரில் மெல்ல உட்காருகிறாள். "மேடை நாங்க கட்டினது. ஆடிக்கு முன்னாடியே கட்டிப்போட்டாரு. நான் விழுந்துட்டேன், அதனால. பிரிக்கோணும்னா சொல்லு கண்ணு. ஒரு அரை மணி நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கறேன்."

அருள்செல்வி சிரிக்கவில்லை. டேப்பைக் கையில் உருட்டிக்கொண்டே நிற்கிறாள். பிறகு சிரித்துவிடுகிறாள். "ஆடி பொறந்ததுல இருந்து நான் போன எடத்துல இது மூணாவது விசேஷமுங்கம்மா. ஒரு வீட்டுல காதுகுத்து, கொழந்தையே இல்ல. ஒரு வீட்டுல சீமந்தம், அந்த வீட்டுல எல்லாரும் ஆம்பளைங்க. வாழை மரம் மட்டும் எல்லா எடத்துலயும் இருந்துச்சு. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் இருக்கற விசேஷத்தை இப்பத்தான் பாக்கறேன்." எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, வாழைக் குலையைப் பார்க்கிறேன். அவள் மண்டி போட்டு அளக்க ஆரம்பிக்கிறாள். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுக்கிறாள், பிடிக்கிறேன். சுவரிலிருந்து எவ்வளவு, படியிலிருந்து எவ்வளவு, தூணை ஆட்டிப் பார்க்கிறாள், ஆடவில்லை, குமரேசன் வாழ்க. மதில் சுவர்ப் பக்கம் இரண்டு பலகையில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போடுகிறாள். "சுவத்துக்கும் இதுக்கும் எடைவெளி பத்தல. இந்த ரெண்டையும் எடுத்துருங்க. அனுமதிக்கு முன்னாடியே கட்டினதுக்குத் தண்டம் உண்டு, கட்டிருங்க." கட்டுகிறேன், சந்தோஷமாகக் கட்டுகிறேன், விசில் ஊதுவதற்கு முன்னால் எடுத்தால் தண்டம் இருக்கத்தான் வேண்டும், நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். "மத்ததெல்லாம்?" என்று கேட்கிறேன். அவள் வசந்தாமணியின் சேரைச் சுற்றி ஒரு தரம் நடக்கிறாள். "ஏனுங்கய்யா, அம்மா எந்திரிக்கறப்ப எதைப் புடிப்பாங்க? மேடையில கைப்பிடியே இல்ல? இவ்வளவு பண்ணிப்போட்டு மறுபடி விழுந்தா?" எதைப் பிடிப்பாள். வாழை மரம் யோசித்தேன், ஆதார் யோசித்தேன், இதை யோசிக்கவில்லை. "மூணு பக்கமும் கைப்பிடி வெச்சு போட்டோ அனுப்புங்க. வந்ததும் அனுமதி போட்டுத் தர்றேன்." இடிக்கச் சொல்லவில்லை. இரண்டு பலகை, ஒரு தண்டம், ஒரு கைப்பிடி. இதற்கா ராத்திரியெல்லாம் புரண்டேன்.

என் மேல் ஏதோ விழுகிறது. மழையா? அரிசி. மஞ்சள் கலந்த அரிசி. மதில் சுவருக்கு மேலே ரங்கநாயகியின் தலை, கையில் தட்டு. "ஆடியா இருந்தா என்ன வசந்தா, நல்லா இருங்க ரெண்டு பேரும்!" என்று மறுபடி ஒரு பிடி வீசுகிறாள். பாதி அரிசி அருள்செல்வியின் தலையில், பாதி பலகை இடுக்கில் விழுந்து கீழே போகிறது. அருள்செல்வி தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொள்கிறாள். "குலை நல்லா இருக்குது" என்கிறாள் வசந்தாமணி, "ஒரு சீப்பு எடுத்துட்டுப் போ கண்ணு." "அய்யோ, நான் எதையும் வாங்கக்கூடாதுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே நல்வரவுக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். ஸ்கூட்டர் சத்தம் சந்தைத் தாண்டிப் போகிறது. சாமியானா படபடக்கிறது. நானும் அவளும் ஒருத்தரையொருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறோம். புதுசாகக் கல்யாணமானவர்கள் போல, அட, அப்படித்தானே. "உள்ள போலாமா?" என்கிறேன். "எதுக்கு?" என்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் வெயிலுக்கு நீட்டுகிறாள். விரல்களை மடக்கி மடக்கி விரிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "சுவத்துக்கிட்டப் போகோணும், ரங்கநாயகி மருமக விசயம் பாதியில நிக்குது" என்கிறாள். வாக்கரை இழுக்கிறேன், பலகை இடுக்கில் அதன் கால் மாட்டிக்கொள்கிறது. "கைப்பிடி வரட்டும் வசந்தா, குமரேசனைக் கூப்புட்டா வெள்ளிக்கிழமை வந்துருவான்." "வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த விசயம் நிக்குமா? நீங்க வந்து அந்தப் பக்கம் நில்லுங்க."

போய் நிற்கிறேன். மேடையின் விளிம்பில், அடுத்த அடி வைத்தால் துவைக்கிற கல்லில் போய் விழ வேண்டிய இடத்தில். அவள் கை என் தோளில் விழுகிறது, கனமாகத்தான் இருக்கிறது, அழுத்துகிறாள், எழுகிறாள். ஒரு அடி. டொக். நான் விளிம்போரமாகவே ஒரு அடி நகர்கிறேன். இன்னொரு அடி. நெற்றியில் மஞ்சள் அரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, தட்டிவிடலாமென்று கையைத் தூக்கப் பார்க்கிறேன். "ஆடாதீங்க" என்கிறாள். "கைப்பிடி கூனிக்கிட்டு நின்னா நான் எப்படிங்க புடிக்கறது?"

நிமிர்ந்து நிற்கிறேன்.